நாலு இஞ்ச் லூஸ்

கடலூர்
9.11.2025, ஞாயிறு

ஏய் நஜியா,

கடுதாசி எழுதறேன்னு சிரிக்காத. இங்க விடுதியில போனையெல்லாம் வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் பத்து நிமிஷம் குடுப்பாங்க, அதுவும் வீட்டுக்குப் பேசத்தான். உங்க வீட்டுக்குப் போட்டாலும் அசார் அண்ணன் எடுப்பாரு, உன்னக் கூப்புடுவாரு, நீ போனக் காதுல வச்சுக்கிட்டு "ம்", "ம்"னு மட்டும் சொல்லுவ. அதுக்குக் கடுதாசி மேல்.

விஷயம் என்னன்னா, போன புதன்கிழமை என்ன வேன்ல ஏத்திட்டாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு சிதம்பரம் ரோட்டுல ஆலப்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பணும், சைக்கிள் பயிற்சி. கிளம்பும்போதே மழை. நான் பருத்தி டிசர்ட்டு போட்டிருந்தேன். போகப் போக அது நனைஞ்சு நனைஞ்சு ஈரச் சாக்கு மாதிரி ஒட்டிக்கிச்சு. கடலூர்ல என்னடி குளிருன்னு கேப்ப. நனைஞ்ச சட்டையோட முப்பது கிலோமீட்டர் வேகத்துல எதிர்க்காத்துல போய்ப் பாரு, தெரியும். திரும்பி வரப்ப விரல் மடங்கல. பிரேக்கப் புடிக்க முடியல. பல்லு அடிச்சுக்குது. செந்தமிழ்செல்வன் சார், எங்க கோச், வேன நிறுத்தி என்னையும் சைக்கிளையும் தூக்கி உள்ள போட்டுட்டாரு.

டிசம்பர் 28ஆம் தேதி கோத்தகிரியில தேர்வுப் போட்டி. பத்தொன்பது பேர் ஓட்டறோம். மொத ஆறு பேருக்குத்தான் இங்க இடம். மத்தவங்க மூட்ட கட்ட வேண்டியதுதான். அங்க மார்கழியில மழையும் குளிரும் சேந்து இருக்குமாம். சார் சொல்றாரு, "இங்கியே நடுங்கறவ அங்க என்னம்மா பண்ணுவ?"

எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க. கம்பளி போடுங்கறாங்க. கம்பளி தண்ணியக் குடிக்கும் போடாதங்கறாங்க. ரெயின்கோட்டுங்கறாங்க. ரெயின்கோட்டு வேணாம் வேகமா ஓட்டு சூடு வரும்ங்கறாங்க. பாத்திரம் கழுவற ரப்பர் கையுறைய மாட்டிக்கச் சொல்றா என் ரூம்ல இருக்கற பிரிசில்லா. அவ குன்னூர்காரி, அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன். ஆனா அவளும் சிரிச்சுக்கிட்டே சொல்றா.

எனக்கு ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுடி. ரவிக்கை இல்ல, மேல போட்டுக்கறது. பிரிசில்லா டேப் வச்சு அளவு எடுத்தா, பின்னால எழுதியிருக்கேன்.

இளமதி

*

லால்பேட்டை
13.11.2025

அன்புள்ள இளமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை. தபால்காரர் என் பெயரை வாசலில் நின்று கூப்பிட்டதும் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து அடுக்களைக்குள் போய்விட்டேன். அண்ணன்தான் வாங்கினார்.

நான் பத்தாவதோடு நின்றபிறகு இரண்டு வருடமாக ஜொஹரா மாமி கடையில் புர்கா மட்டும்தான் தைக்கிறேன். வேறு எதுவும் தைத்ததில்லை. சைக்கிளில் போகிறவர்கள் போடுவது எப்படி இருக்கும் என்று அண்ணன் போனில் காட்டினார். பார்த்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிலது மீன் செதில் மாதிரி மின்னுகிறது. சிலதில் கையே இல்லை. குளிருக்குப் போடுவதில் ஏன் கை இல்லை?

எனக்குச் சில சந்தேகங்கள். நீ நனையக் கூடாதா, குளிரக் கூடாதா? இரண்டும் ஒன்றுதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு, குளத்தில் குளித்தால் தண்ணீருக்குள் இருக்கும்வரை குளிராது, வெளியே வந்து காற்றுப் பட்டால்தான் குளிரும் என்று நினைவு வந்தது. அப்படியென்றால் உன் எதிரி மழையா, காற்றா? இது தெரியாமல் எந்தத் துணியை வாங்குவது?

இன்னொன்று. உள்ளே என்ன போடுவாய்? எவ்வளவு நேரம் ஓட்டுவாய்? ஏறும்போது வேர்க்குமா?

மாமியிடம் கேட்டேன். "மழை பெஞ்சா வீட்ல இருக்கணும். அதுக்கு எதுக்குத் துணி?" என்றார்.

நான் சரியாகச் செய்வேன் என்று நினைக்காதே. வேறு நல்ல டெய்லர் யாராவது கடலூரில் இருக்கலாம்.

நஜியா

*

கடலூர்
16.11.2025

நஜியா,

நனையவும் கூடாது, குளிரவும் கூடாது. இதுல என்ன சந்தேகம். ரெண்டு மணி நேரம் ஓட்டுவேன். ஏத்தத்துல வேர்க்கும், எறக்கத்துல குளிரும். உள்ள எதாவது போட்டுப்பேன்.

நீ கேட்ட "மழையா காத்தா" கேள்விய சார்கிட்ட கேட்டேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "நனையறது தப்பில்லம்மா, நனைஞ்சும் சூடா இருக்கணும்"னாரு. நனைஞ்சா எப்புடி சார் சூடா இருக்கும்னேன். "போய் ஓட்டு"ன்னுட்டாரு. எனக்கு அவர் சொன்னது புரியல, உனக்குப் புரிஞ்சா எழுது.

கடலூர்ல டெய்லர் இருக்காங்க. யாரு வாசல்ல போய் நின்னு என் கதையச் சொல்றது? நீ ஒம்பதாவதுல என் கிழிஞ்ச பாவாடைய இடைவேளைல தச்சுக் குடுத்தவ. அது இன்னும் பிரியல. சீக்கிரம் தை. மழைத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது, அது மட்டும் பாத்துக்க.

இளமதி

*

லால்பேட்டை
22.11.2025

அன்புள்ள இளமதிக்கு,

பார்சலில் ஜாக்கெட் இருக்கிறது. அண்ணன் சிதம்பரம் போனபோது மேலவீதியில் ரெயின்கோட் துணி வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அப்படியே உருண்டு ஓடுகிறது. தையலுக்கு ஊசி போன ஓட்டையில்கூடத் தண்ணீர் வரக்கூடாது என்று உள்பக்கம் முழுவதும் டேப் ஒட்டியிருக்கிறேன். கழுத்து வரை ஜிப்பு. கை நுனியில் எலாஸ்டிக்.

சார் சொன்னது எனக்கும் புரியவில்லை.

போட்டுப் பார்த்துவிட்டு எழுது. எதுவும் பிடிக்கவில்லை என்றால் எழுத வேண்டாம். இல்லை, எழுது.

நஜியா

*

கடலூர்
30.11.2025

நஜியா,

ஜாக்கெட்டத் திருப்பி அனுப்பறேன்.

நேத்து அதப் போட்டுக்கிட்டுப் போனேன். நாலு கிலோமீட்டர் போனதும் காத்து கழுத்து வழியாப் பூந்து குடை மாதிரி விரிஞ்சுது. நான் முன்னால போக மிதிக்கறேன், அது என்னப் பின்னால இழுக்குது. உப்புன பலூன். பின்னால வந்தவளுங்க "இளமதி பறக்கப் போறா, புடிங்கடி"ன்னு சிரிக்கறாளுங்க. மழைத் தண்ணி உள்ள வரல, சரி. ஆனா உள்ளேயே மழை பெஞ்ச மாதிரி வேர்த்துக் கொட்டிச்சு. திரும்பற எடத்துல ரெண்டு நிமிஷம் நின்னோம், அவ்வளவுதான், அந்த வேர்வையெல்லாம் ஐஸ் தண்ணியாயிடுச்சு. குனிஞ்சா முதுகுப் பக்கம் மேல ஏறி இடுப்பு தெரியுது. கை முழங்கைக்கு வருது.

கடைசியா வந்து சேந்தேன். சார் நோட்டுல எழுதுனாரு. அவரு திட்டிட்டா பரவால்ல, எழுதறதுதான் பயமா இருக்கு.

பிரிசில்லா அளந்து பாத்தா. நெஞ்சு அளவுக்கு மேல நாலு இஞ்ச் ஜாஸ்தி. அளவ நான் சரியாத்தானடி எழுதியிருந்தேன்? எதுக்கு நாலு இஞ்ச்? நான் தோத்தா வீட்டுக்கு வரணும், அது உனக்குத் தெரியுமில்ல?

நீ சொன்ன மாதிரி கடலூர்லயே தச்சிருக்கலாம்.

இளமதி

*

லால்பேட்டை
7.12.2025

இளமதி,

நாலு நாள் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நாலு இஞ்ச் ஏன் என்று கேட்டிருந்தாய். புர்காவுக்கு உடம்பு அளவு எடுத்தால் அதற்கு மேல் நாலு இஞ்ச் லூஸ் விட வேண்டும். உடம்பு தெரியக் கூடாது என்பதுதான் வேலையே. உன் அளவைப் பார்த்ததும் சாக்பீஸ் தானாக நாலு இஞ்ச் தள்ளிக் கோடு போட்டது. அது எனக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

மற்றது எதுவும் எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வராத துணிக்குள் நீ எப்படி நனைந்தாய்? நீ கோபத்தில் கூட்டி எழுதுகிறாய் என்றுகூட நினைத்தேன். அதனால் நானே பார்க்கலாம் என்று ஒன்று செய்தேன். யாரிடமும் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதபிறகு மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த ஜாக்கெட்டைப் போட்டு, மேலே புர்காவைப் போட்டு, அதைத் தொடைக்கு மேல் சேர்த்துத் துணி கிளிப் மாட்டி, அண்ணனுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் ஏறினேன். நீ உன் இலவச சைக்கிளில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்த பிறகு நான் சைக்கிளைத் தொடவே இல்லை. பிளஸ் ஒன் போயிருந்தால் எனக்கும் ஒன்று கொடுத்திருப்பார்கள்.

ரோட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். மதகுப் பக்கம் வலையோடு ஒருவர் நின்றார். "யாரும்மா அது, எந்த வூட்டுப் புள்ள?" என்றார். பதில் சொன்னால் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. மிதித்துக்கொண்டே இருந்தேன். அதனால் நான் நினைத்ததைவிட ரொம்ப தூரம் போய்விட்டேன்.

நீ எழுதியதெல்லாம் சரி. காற்று புகுந்தது. குனிந்தால் ஜாக்கெட் மேலே ஏறி, நனைந்த புர்கா இடுப்பில் ஒட்டியது. உள்ளே வேர்த்தது. மழையை உள்ளே விடாத துணி வேர்வையை வெளியேயும் விடாது. இதை ஏன் நான் முதலிலேயே நினைக்கவில்லை? நின்றபோது குளிர் முதுகில் ஆணி மாதிரி இறங்கியது.

ஆனால் இன்னொன்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொடியில் போட்டேன். உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை மாலைவரை ஈரம். முழுக்க நனைந்த புர்கா நான் டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. நாங்கள் புர்கா தைக்கும் நிதா துணி. தினமும் தொடுகிற துணி, ஒருநாளும் நனைத்துப் பார்த்ததில்லை. தண்ணீர் அதன் மேலேயே நிற்கிறது, நூலுக்குள் போகவில்லை. உதறினால் போய்விடுகிறது. அது மழையைத் தடுக்காது. ஆனால் நெருக்கமான நெசவு, காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது.

உன் சார் சொன்னது இதுவா?

கடையில் ஆறு வகைத் துண்டுத் துணியைத் தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டு மணி பார்த்தேன். மாமி வந்து, "என்னடி, பிட்டுத் துணிக்கெல்லாம் குளிப்பாட்டி விடுற, கல்யாணமா?" என்றார். நிதாதான் முதலில் காய்ந்தது.

நீ நின்றுகொண்டு அளவு எடுத்திருக்கிறாய். நீ நிற்கிறவள் இல்லை. சைக்கிளில் உட்கார்ந்து, ஓட்டுவது மாதிரிக் குனிந்து, அப்படியே அளவு எடுத்து அனுப்பு. டேப் வேண்டாம், வளைவில் தப்பு வரும். நூலை உடம்போடு வைத்து வெட்டி அனுப்பு.

அனுப்ப விருப்பம் இருந்தால்.

நஜியா

*

கடலூர்
11.12.2025

அடியே,

நீ ஏரிக்கரையில சைக்கிள் ஓட்டுனியா? உன் லெட்டர நாலு தடவ படிச்சேன். புர்காவுக்குக் கிளிப் மாட்டுனத நெனச்சு சாப்புடறப்ப சிரிச்சு பொற ஏறிப்போச்சு. பிரிசில்லா என்னடின்னு கேட்டா, படிச்சுக் காட்டுனேன். அவ சிரிக்கல. "அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடி இத யோசிச்சிருக்கா"ன்னா.

கோவத்துல என்னென்னமோ எழுதிட்டேன். விடு.

நூல் அனுப்பியிருக்கேன், ஏழு. ஒவ்வொண்ணுலயும் சீட்டு கட்டியிருக்கு: முதுகு, கை, நெஞ்சு, வயிறு, கழுத்து, தோளு, மணிக்கட்டு. பிரிசில்லா சைக்கிளப் புடிச்சுக்கிட்டா, நான் குனிஞ்சு உக்காந்தேன். முதுகு நூலப் பாரு. நின்னு எடுத்ததுக்கும் இதுக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம். நீ நெஞ்சுல விட்ட நாலு இஞ்ச முதுகுல விட்டிருந்தா சரியா இருந்திருக்கும் போல.

நீ கேட்டியே, சார் சொன்னது இதுவான்னு. அவருகிட்ட நீ எழுதுனதச் சொன்னேன். "யாரு சொன்னது?"ன்னாரு. என் பிரெண்டு, டெய்லர்னேன். "அப்ப ஒனக்குப் புரியலயா இன்னும்?"ன்னாரு. எனக்கு இன்னும் முழுசாப் புரியல நஜியா. நனைஞ்சாப் பரவால்லன்னு மனசு ஒத்துக்க மாட்டேங்குது. சார் இன்னொண்ணும் சொல்றாரு, கிளம்பறப்ப லேசாக் குளுரணுமாம். கிளம்பறப்பவே சுகமா இருந்தா ஜாஸ்தி போட்டிருக்கன்னு அர்த்தமாம். குளுருக்குப் போடற துணிய குளுர்ற மாதிரி போடுன்னா என்ன பண்றது?

சீக்கிரம் தை. பதினேழு நாள்தான்.

இளமதி

*

லால்பேட்டை
19.12.2025

அன்புள்ள இளமதிக்கு,

ஜாக்கெட் முடிந்தது. கறுப்பு நிதாதான், வேறு நிறம் கடையில் இல்லை. நெஞ்சில் மட்டும் இரண்டு மடிப்புத் துணி வைத்திருக்கிறேன், காற்று அங்கேதான் அடிக்கும். முதுகில் ஒரு மடிப்பு, வேர்வை போகட்டும். முதுகு நீளம், வயிறு குட்டை. நீ நிமிர்ந்து நின்றால் பார்க்க விகாரமாக இருக்கும், குனிந்தால் சரியாகிவிடும். உள்ளே போட ஒட்டின மாதிரி ஒரு பனியன், பருத்தி இல்லாதது. அண்ணன் கால்பந்துக்குப் போட்ட சட்டையைப் பிரித்துத் தைத்தேன்.

ஒட்டித் தைக்க எனக்குக் கை வரவில்லை. மூன்றுமுறை கோடு போட்டு அழித்தேன். இப்படி ஒன்றை நான் தைப்பது சரியா என்றும் தெரியவில்லை. மாமி வருகிற சத்தம் கேட்டால் மேலே வேறு துணியைப் போட்டு மறைத்தேன். கடைசியில் பார்த்துவிட்டார். தூக்கிப் பிடித்து, "யாருக்குடி இது, பாம்புக்கா?" என்றார். உனக்கு என்றேன். "அந்த சைக்கிள் பொண்ணா?" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "கக்கத்துல ரெண்டு நூல் புடி. கைய நீட்டுனா அங்கதான் உப்பும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அங்கே கால் இஞ்ச் உள்ளே பிடித்துத் தைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது குளிர வேண்டும் என்று சார் சொன்னது எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். ஏரிக்கரையில் எனக்கு முதலில் கதகதப்பாகத்தான் இருந்தது. கெட்டது எல்லாம் அதற்குப் பிறகு.

இத்தோடு பார்சலைக் கட்டியிருக்க வேண்டும். ஒன்று சொல்லாமல் கட்ட முடியவில்லை.

உன்னை வேனில் ஏற்றியதை நீ எழுதியிருந்தாய் அல்லவா. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பாவம் என்று இல்லை. வந்துவிடுவாள் என்றுதான் வந்தது. அப்புறம்தான் பாவம் வந்தது. நீ போனபிறகு எனக்குப் பேச யாரும் இல்லை. கடையில் மாமி பேசுவார், நான் கேட்பேன். நாலு இஞ்ச் விட்டது தொழில் பழக்கம்தான். அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீ அந்தக் கேள்வியைக் கேட்டபிறகு நான் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், சில நேரம் ஒரு பதில் வருகிறது, சில நேரம் இன்னொன்று வருகிறது.

இந்த ஜாக்கெட்டை நூல் அளவுக்கு மேல் ஒரு நூல்கூட விடாமல் தைத்திருக்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் உன்னைப் போடச் சொல்வது சரியில்லை. உனக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் போடாதே. நான் வருத்தப்பட மாட்டேன். படுவேன். இருந்தாலும் போடாதே.

நஜியா

*

கடலூர்
30.12.2025, செவ்வாய்

நஜியா,

நேத்துதான் கோத்தகிரியிலேர்ந்து வந்தோம். எப்புடி எழுதறதுன்னு தெரியல, நடந்தத நடந்த மாதிரி எழுதறேன்.

உன் பார்சல் 22ஆம் தேதியே வந்துடுச்சு. லெட்டரப் படிச்சுட்டு அத அப்புடியே பெட்டியில வச்சேன். பதில் எழுத உக்காந்தேன், கோவமா எழுதறதா, சும்மா எழுதறதான்னு தெரியல. எழுதல. ஜாக்கெட்டப் போட்டும் பாக்கல.

பிரிசில்லா அவ அண்ணனோட ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டாந்திருந்தா. வெளிநாட்டுது. தண்ணி உள்ள வராது, வேர்வை வெளிய போகுமாம், ரெண்டும் ஒரே துணியில. "இதப் போட்டுக்க, யோசிக்காத"ன்னா. எனக்குக் கொஞ்சம் பெருசு.

போட்டியன்னிக்குக் காலையில ஆறு மணிக்குக் கட்டில் மேல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். ஜன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியல, மூட்டம். மழை வருமா வராதான்னு யாருக்கும் தெரியல. உன்னோடத உள் பக்கம் திருப்பி லைட்டுக்குக் கீழ வச்சு ஒவ்வொரு தையலா இழுத்துப் பாத்தேன். எங்கயாவது விட்டு வச்சிருக்கியான்னு பாத்தேன். உன்ன சந்தேகப்பட்டுத்தான் பாத்தேன், பொய் சொல்லல. எல்லாத் தையலும் ரெண்டு ஓட்டம் ஓட்டியிருந்த. கக்கத்துல மூணு.

போட்டுக்கிட்டேன். கண்ணாடியில பாத்தா முன்னால குட்டையா, பின்னால வாலு மாதிரி. பிரிசில்லாகூட சிரிச்சுட்டா. சைக்கிள்ல குனிஞ்சதும் சிரிப்ப நிறுத்திட்டா.

ஒரு விஷயம் நம்ம ரெண்டு பேருக்குமே தெரியல பாரு. முதுகு நம்பர் வெளிய தெரியணுமாம். நான் நம்பர பனியன்ல குத்தியிருந்தேன், கறுப்புத் துணிக்குள்ள மறைஞ்சுபோச்சு. நடுவர் "கழட்டு, இல்லன்னா மேல குத்து"ன்னாரு. எல்லாரும் கோட்டுல நிக்கறாங்க, நான் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கறேன், சார் குத்தறாரு. உன் துணியில ஓட்டை போடறமேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

கிளம்பறப்ப நடுங்குனேன். மத்தவளுங்க கதகதன்னு நின்னாளுங்க. தப்புப் பண்ணிட்டோம், வெளிநாட்டுதப் போட்டிருக்கலாம்னு பத்து தடவ நெனச்சேன். மொத ஏத்தத்துல நடுக்கம் போச்சு. ரெண்டாவது வளைவுல நாலு பேரு நின்னு ஜாக்கெட்டக் கழட்டி இடுப்புல கட்டுனாளுங்க. பன்னெண்டாவது கிலோமீட்டர்ல மழை புடிச்சுது. அவளுங்க மறுபடி நின்னு போட்டாளுங்க. நான் எதுக்கும் நிக்கல. நனைஞ்சேன், முழுக்க நனைஞ்சேன். குளிரல. எறக்கத்துல காத்து நெஞ்சுல அடிக்குது, உள்ள வரல. விரல் மடங்குச்சு, பிரேக்கு புடிச்சுது. அப்பதான் சார் சொன்னது புரிஞ்சுது. புரிஞ்சு சிரிச்சேன், வாய்க்குள்ள மழைத் தண்ணி.

எறக்கம் முடியறப்ப அஞ்சாவதா இருந்தேன். கடைசி ஏத்தம் ரெண்டு கிலோமீட்டர். ரெண்டு பேரு என்னத் தாண்டிப் போனாளுங்க. ஒருத்தி மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, விடுதியிலகூட இல்ல, வீட்லேர்ந்தே வந்து பயிற்சி எடுக்கறவ. அவ அஞ்சாவது. இன்னொருத்தி ஆறாவது.

நான் ஏழாவது.

குளுரால தோக்கல நஜியா. ஜாக்கெட்டால தோக்கல. அவளுங்க என்ன விட நல்லா ஏறுனாளுங்க, அவ்வளவுதான். சார் சொன்னாரு, "ஒனக்கு ஏத்தம் வரல." நம்ம ஊர்ல ஏத்தத்துக்கு எங்க போறது? ஏரிக்கரைதான் நமக்கு மலை. முன்னெல்லாம் தோத்தா மழை, குளுரு, சட்டைன்னு எதாவது சொல்லலாம். இப்ப சொல்ல ஒண்ணுமே இல்ல. அது நல்லதா கெட்டதான்னு தெரியாம ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டு இருக்கேன். அழுகையும் வரல.

திங்கக்கிழமை, 5ஆம் தேதி காலையில விடுதியக் காலி பண்ணணும். ஒம்பது மணி பஸ்ல கிளம்பறேன். சிதம்பரத்துல எறங்கி நம்ம பஸ்ஸு மாறி மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்.

வந்துடுவேன்னு நெனச்சியில்ல. வர்றேன். சந்தோஷமா?

இளமதி

*

லால்பேட்டை
3.1.2026, சனி

இளமதி,

இதைத் தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் வரும். அண்ணன் நாளைக் காலையில் கடலூருக்கு லோடு எடுத்துப் போகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். விடுதி வாசலில் நின்று உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "என்னடி இவ்ளோ அவசரம், போன் போட்டுப் பேசேன்" என்றார். விடுதி நம்பரை உன் வீட்டாருக்கு மட்டும்தானே கொடுப்பார்கள். கொடுத்தாலும் எனக்குப் போனில் வாய் வராது.

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். காலையில் உன் கடிதம் வந்தது. கடைசி வரியை முதலில் படித்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்குப் போகும் வழியெல்லாம், செவ்வாய்க்கிழமையே நாம் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். மெஷினில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்வதற்குள் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்பவும் வரும் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன், வரவில்லை.

நீ எதற்கும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். மழைத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தைத்தவள் நான். நீ அதை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினால் நான் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்?

மாமியிடம் ஏழாவது என்று சொன்னேன். "பத்தொன்பதுல ஏழா? அதுக்கு எதுக்கு மூட்ட கட்றா?" என்றார். அவருக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஐந்தாவது வந்தவள் விடுதியில் இல்லை, வீட்டிலிருந்தே வந்து பயிற்சி எடுக்கிறவள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் போனது விடுதி மட்டும்தானா, பயிற்சியும் போனதா? நீ இதைக் கேட்டாயா? உன் கடிதத்தை மூன்றுமுறை பார்த்தேன், கேட்டதாக எங்கேயும் இல்லை. மேல்பட்டாம்பாக்கம் பக்கம், லால்பேட்டை தூரம், தெரியும். தினமும் வர முடியாது. வாரத்தில் ஒருநாள் வந்தால் போதுமா, இரண்டு நாளா, மற்ற நாளில் இங்கே என்ன ஓட்ட வேண்டும், ஏற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவாரா?

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்தான். நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, இங்கே வர வேண்டும் என்று நினைக்கிறேனா என்று இதை எழுதும்போதுகூடத் தெரியவில்லை. ஆனால் அது என் குழப்பம். அதற்காக நீ ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டாம்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, செந்தமிழ்செல்வன் சார் இருப்பார் அல்லவா. அவர் நோட்டை மூடும்வரை பக்கத்தில் நில். "போய் ஓட்டு" என்று சொன்னால், எங்கே ஓட்டுவது என்று கேள்.

கேட்காமல் பஸ் ஏறாதே.

நஜியா